ஆக்ஸிஜன் சென்சார்: கழற்றும் முன் மேல்கோட்டை ஏறி இறங்குங்கள்

டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் ஆக்ஸிஜன் சென்சார் பற்றி ஒரு கோடு வருகிறது. சென்சாரை மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சில ஆயிரம் ரூபாய் போகிறது, இரண்டு வாரம் கழித்து அதே விளக்கு, அதே கோடு. பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. காரணம் எளிது. ஸ்கேனர் சொல்வது சென்சார் கெட்டுவிட்டது என்பதல்ல, சென்சாரிடமிருந்து வரும் செய்தி சரியில்லை என்பது மட்டும்தான். செய்தி பொய்யானால் சென்சாரை மாற்றலாம். உண்மையானால் இன்ஜினில் வேறெங்கோ கோளாறு இருக்கிறது, எத்தனை சென்சார் மாற்றினாலும் அது தீராது.

பொய்யா உண்மையா என்று தெரிந்துகொள்ள ஒரு மலைப்பாதையே போதும். மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், ஜக்கனஹள்ளி வழியாக மேல்கோட்டை போகும் சாலை அதற்கு மிகப் பொருத்தமானது. இராமானுசர் தங்கிய திருநாராயணபுரம் என்று தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ குடும்பங்கள் கார் எடுத்து வரும் ஊர் அது. 1939 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது மண்டியா மாவட்டம். மைசூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குப் போதிய சமவெளிச் சாலை, பிறகு ஏற்றம், திரும்பும்போது இறக்கம். சோதனைக்கு வேண்டிய மூன்றும் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும்.

சென்சார் எதைப் பார்க்கிறது

இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிபோல்டிலோ, அதை ஒட்டிய குழாயிலோ திருகப்பட்டிருப்பது முன் சென்சார். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தாண்டி இருப்பது பின் சென்சார். பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு முதன்மையாக முன் சென்சாருடையது. அதன் உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் புகை படும், மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் அளவு வேறுபடுவதால் ஒரு சிறு வோல்டேஜ் பிறக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சமே இல்லையென்றால் 0.9 வோல்ட் அளவுக்கு ஏறும். அதுதான் ‘ரிச்’, பெட்ரோல் கூடுதல். ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். அது ‘லீன்’. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவையில் சுமார் 0.45 வோல்ட். இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் இந்த நடுக்கோட்டின் இரு பக்கமும் ஊசலாட வைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நல்ல முன் சென்சாரின் வோல்டேஜ் ஓயாமல் ஏறி இறங்கும்.

பீங்கான் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். புகையின் சூட்டுக்காகக் காத்திருக்காமல் சீக்கிரம் விழித்தெழ, உள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். நான்கு ஒயர் சென்சாரில் இரண்டு ஒயர் ஹீட்டருக்கு, இரண்டு செய்திக்கு. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976இல் வால்வோ கார்களில் முதலில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஹீட்டர் கிடையாது, ஒரே ஒயர்.

இந்தச் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை, ஆக்ஸிஜனை மட்டுமே பார்க்கிறது. பாதித் தவறான முடிவுகள் இதை மறப்பதால்தான் வருகின்றன. ஒரு பிளக் சரியாகத் தீப்பொறி தரவில்லை என்று வையுங்கள். அந்தச் சிலிண்டரில் பெட்ரோலும் எரியாது, ஆக்ஸிஜனும் செலவாகாது. இரண்டும் அப்படியே புகைக்குழாய்க்கு வரும். சென்சாருக்குத் தெரிவதோ மிஞ்சிய ஆக்ஸிஜன் மட்டும். லீன் என்று சொல்லும், கம்ப்யூட்டரும் அதை நம்பி இன்னும் பெட்ரோலைக் கொட்டும். மைலேஜ் விழும், புகை நாறும், ஸ்கேனரிலோ லீன் என்று இருக்கும். சென்சார் சொன்னது உண்மைதான், கோளாறு பிளக்கிலோ இக்னிஷன் காயிலிலோ இருக்கிறது.

மேனிபோல்டு காஸ்கெட் கசிவும் இதே வேலையைச் செய்யும். புகை வெளியேதானே கசியும், உள்ளே எப்படிக் காற்று வரும் என்று கேட்பார்கள். புகை சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே குழாயினுள் அழுத்தம் சற்றுக் குறையும். அந்தக் கணத்தில் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஊசித்துளை போதும், அது லீன் என்று சொல்ல. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து கேளுங்கள். ‘டிக் டிக்’ என்று தாளம் போட்டுச் சூடானதும் அடங்கிவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காஸ்கெட்டை.

கோடுகளைப் படிக்கும் முறை

இந்தியாவில் ஏப்ரல் 2013 முதல் வந்த கார்களில் ஓ.பி.டி.-2 முறை இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஒரு புளூடூத் கருவியைச் செருகிக் கைப்பேசி ஆப்பில் பார்க்கலாம். விலை மலிவான கருவிகளே இந்த வேலைக்குப் போதும்.

பி0135 வந்தால் முன் சென்சாரின் ஹீட்டர் சுற்று, பி0141 வந்தால் பின் சென்சாரின் ஹீட்டர் சுற்று. பி0131 வோல்டேஜ் குறைவாகவே நிற்கிறது, பி0132 அதிகமாகவே நிற்கிறது, பி0133 மெதுவாக மாறுகிறது, பி0134 அசைவே இல்லை. பி0171 கலவை லீன், பி0172 ரிச். கடைசி இரண்டும் சென்சாரைக் குற்றம் சாட்டும் கோடுகளே அல்ல. ஆனால் அவற்றுக்காகச் சென்சாரை மாற்றுபவர்கள்தான் அதிகம். பி0133 மட்டும் பெரும்பாலும் வயதான சென்சாரைத்தான் காட்டுகிறது என்பது என் எண்ணம். கோட்டை அழிக்கும் முன் அது பதிவான நேரத்து விவரங்களைப் படம் எடுத்து வையுங்கள். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்பது பிறகு தேவைப்படும்.

ஹீட்டர் கோடு வந்தால் மலை ஏற வேண்டியதே இல்லை, வீட்டு வாசலிலேயே முடியும். முதலில் பியூஸ். பிறகு கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்க முனையில் ஸ்டார்ட் செய்ததும் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு, குளிர்ந்த நிலையில், சென்சார் பக்கத்து ஹீட்டர் முனைகள் இரண்டுக்கும் இடையே ஓம் அளவு. பெரும்பாலான சென்சார்களில் சில ஓம் முதல் பதினைந்து ஓம் வரை காட்டும். முடிவில்லாமல் காட்டினால் ஹீட்டர் அறுந்திருக்கிறது, சென்சாரைத் தயங்காமல் மாற்றலாம். எந்த ஒயர் ஹீட்டர் என்பதை நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள், உங்கள் மாடலின் ஒயரிங் படத்தைப் பாருங்கள். வயலோரம், கரும்புக் கொல்லையோரம் நிறுத்தும் வண்டி என்றால் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள். மண்டியாப் பக்கத்தில் அதற்கு வாய்ப்பு நிறையவே உண்டு.

ஒயர் அறுந்திருந்தால் ஈயம் வைத்து ஒட்டக் கூடாது. பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கு வேண்டிய வெளிக்காற்றை ஒயர் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன. உருகிய ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கிளிப் வைத்து நெருக்கி இணைப்பதுதான் முறை. கப்ளரில் ஸ்ப்ரே அடிப்பதும் கிரீஸ் தடவுவதும் இதே காரணத்தால் கெடுதல். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் செய்தி ஒயரில் தொடவும் கூடாது.

மலைப்பாதைச் சோதனை

ஒரு சாதாரண வாரநாள் காலையாகப் பாருங்கள். பங்குனியில் மேல்கோட்டைக் கோயிலில் வைரமுடிச் சேவை நடக்கும் நாட்களில் அந்தச் சாலையில் வண்டி நகர்வதே கடினம். கைப்பேசியைப் பார்க்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும், ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. ஆப்பில் முன் சென்சார் வோல்டேஜ், ஷார்ட் டெர்ம் பியூயல் ட்ரிம், லாங் டெர்ம் பியூயல் ட்ரிம், இன்ஜின் சுற்று ஆகிய நான்கை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவு போடுங்கள். மலிவுக் கருவியில் இருபது விவரங்களை ஒன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் தாமதமாகத்தான் வரும். நல்ல சென்சார்கூட மந்தமாகத் தெரியும்.

ட்ரிம் என்பது கம்ப்யூட்டர் தன் கணக்கிலிருந்து எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பது. ஷார்ட் டெர்ம் நொடிக்கு நொடி மாறும், லாங் டெர்ம் பல நாள் பழக்கம். இரண்டையும் கூட்டி 10க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

பாண்டவபுரம் தாண்டிச் சமவெளியில் ஓரமாக நிறுத்தி, ஐட்லிங்கில் ட்ரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரை அழுத்தி 2500 சுற்றில் பிடித்துக் குறியுங்கள். ஐட்லிங்கில் கூட்டல் 20 இருந்து 2500இல் 5க்கு இறங்கினால், இன்டேக் பக்கம் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. வெடித்த வேக்குவம் ஹோஸ், இன்டேக் காஸ்கெட், இவற்றைத் தேடுங்கள். ஐட்லிங்கில் உறிஞ்சும் காற்று பெரிய பங்கு, வேகத்தில் அதுவே சிறிய பங்கு, அதனால்தான் இந்த மாற்றம். 2500 சுற்றில் சாதாரணச் சென்சார் பத்து நொடிக்குள் ஏழெட்டு முறையாவது நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும்.

ஏற்றம் தொடங்கியதும், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான இடம் பார்த்து, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரைச் சில நொடிகள் முழுக்க அழுத்துங்கள். முழு அழுத்தத்தில் கம்ப்யூட்டர் வழக்கமாகப் பெட்ரோலைக் கூடுதலாகத் தரும். வோல்டேஜ் 0.8க்கு மேல் ஏறி நிற்க வேண்டும். அப்படி ஏறவில்லை, பிக்கப்பும் இல்லை, ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்றால் சென்சார் சொல்வது உண்மை, பெட்ரோல் போதவில்லை. பம்ப், பில்டர், இன்ஜெக்டர் என்று அந்த வழியில் போங்கள். சமவெளியில் சரியாக இருந்த ட்ரிம் ஏற்றத்தில் மட்டும் கூட்டலில் ஏறுவதும் அதையே சொல்கிறது. வண்டி நன்றாக இழுக்கிறது, பிளக் கரி பிடித்திருக்கிறது, ஆனால் வோல்டேஜ் 0.1இலேயே கிடக்கிறது என்றால் சென்சாரோ, அதன் ஒயரோ, புகைக்கசிவோ பொய் சொல்ல வைக்கிறது.

மேலே போய் நிறுத்தும்போது காய்ந்த புல்லின் மேல் நிறுத்தாதீர்கள். ஏற்றம் ஏறிய கன்வெர்ட்டர் புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். மேல்கோட்டையின் உயரம் பற்றியும் ஒரு சந்தேகம் எழும். சென்னைக் கடற்கரையோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜினின் சக்தி கொஞ்சம் குறைவது இயல்புதான். ஆனால் உள்ளே போகும் காற்றை வேறு சென்சார்கள் அளந்து பெட்ரோலும் அதற்கேற்பக் குறைந்துவிடும். ஆகவே உயரத்தால் மட்டும் ட்ரிம் பெரிதாக மாறாது. மாறினால் காற்றை அளக்கும் சென்சாரைப் பாருங்கள்.

இறக்கம்தான் இந்தச் சோதனையின் உயிர். மூன்றாவது கியரில், இன்ஜின் 2000 சுற்றுக்கு மேல் இருக்கும்போது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். கியரில் சக்கரம் இன்ஜினைச் சுழற்றும் இந்த நிலையில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும். ஒரு சொட்டுப் பெட்ரோலும் போகாது, புகைக்குழாயில் வெறும் காற்றுதான் ஓடும். நல்ல சென்சார் ஒன்றிரண்டு நொடிக்குள் 0.1 வோல்ட்டுக்குக் கீழே விழும். இதைவிடத் தெளிவான லீன் சோதனையை ஒர்க்‌ஷாப்பிலும் செய்ய முடியாது. வெறும் காற்று ஓடும்போதும் 0.7இல் நின்றால் சென்சாரோ ஒயரோ கெட்டது உறுதி. 0.45 அருகில் அசையாமல் நின்றால், சென்சாரிலிருந்து செய்தியே வரவில்லை, கம்ப்யூட்டர் தானாகக் கொடுக்கும் வோல்டேஜைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். சில வண்டிகளில் அந்தத் தானியங்கு வோல்டேஜ் வேறாக இருக்கும். விழுகிறது, ஆனால் நாலைந்து நொடி எடுத்து ஊர்ந்து விழுகிறது என்றால் வயதாகிவிட்டது.

பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். நியூட்ரலில் இன்ஜின் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும், பிரேக்கும் தனியாகச் சுமை தாங்கும். கியரில் இறங்கினால் பெட்ரோல் செலவே இல்லை, இன்ஜினும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் மேனுவல் நிலையில் தாழ்ந்த கியர் போட்டு இறங்குங்கள்.

ஏற்றத்தில் 0.8ஐத் தொட்டது, இறக்கத்தில் 0.1க்குச் சட்டென்று விழுந்தது, சமவெளியில் ஊசலாடியது. இந்த மூன்றும் சரியென்றால் முன் சென்சாரைக் கழற்றாதீர்கள். யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

புது வண்டிகளும் ஈ20 பெட்ரோலும்

ஏப்ரல் 2020 முதல் வந்த பி.எஸ்.6 கார்கள் பலவற்றில் முன் சென்சார் வேறு வகை, வைட்பேண்டு. அது ஊசலாடாது. கலவையின் அளவையே நேராகச் சொல்லும். அதை மல்டிமீட்டரால் அளந்து, ஆடவில்லை என்று மாற்றுவது வீண் செலவு. ஸ்கேனரில், சரியான கலவையை 1 என்று காட்டும் லாம்டா மதிப்பைப் பாருங்கள். சமவெளியில் 1ஐ ஒட்டி, முழு அழுத்தத்தில் 1க்குக் கீழே, இறக்கத்தில் அளவின் மேல் எல்லைக்கு. பாதை அதே, எண்கள் மட்டும் வேறு.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் தொடங்கிவைத்தார். மண்டியாவின் கரும்பைப் பார்த்துக்கொண்டே போகும் சாலையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது, கரும்புச் சாற்றிலிருந்தும் பாகுக் கழிவிலிருந்தும் அந்த எத்தனாலில் ஒரு பங்கு வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. அதனால் சரியான கலவைக்கு வேண்டிய காற்று குறையும், ஏறக்குறைய 13.5 பங்கு போதும். சென்சார் வழக்கம்போல மிஞ்சும் ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது. கம்ப்யூட்டர் அதை வைத்துப் பெட்ரோலைக் கூட்டிச் சரிசெய்துகொள்கிறது. ஆகவே பழைய கார்களில் ட்ரிம் சில சதவீதம் கூட்டலில் போவது சென்சார் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். மைலேஜும் குறையும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தந்த வண்டி 15 தந்தால் அதற்காகச் சென்சாரை மாற்ற வேண்டாம். 16 தந்தது 11க்கு வந்தால் மலை ஏறுங்கள்.

நஞ்சு ஏறிய சென்சார்

சோதனையில் சென்சார்தான் குற்றவாளி என்று தெரிந்தபிறகும், எதனால் செத்தது என்று கேட்காமல் புதியதைத் திருகாதீர்கள். ஈயம் கலந்த பெட்ரோல் சென்சாரையும் கன்வெர்ட்டரையும் கொல்லும். அதனால்தான் 1995இல் நான்கு பெருநகரங்களில் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது ஈயமில்லாப் பெட்ரோலையும் கூடவே கொண்டுவந்தார்கள். 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் முடிந்தது. இன்று அஞ்ச வேண்டியது சிலிகான். 2007இன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தென்கிழக்கில் சூப்பர்மார்க்கெட் பங்க்குகளில் விற்ற பெட்ரோலில் சிலிகான் கலந்திருந்தது. ஆயிரக்கணக்கான கார்கள் திடீரென்று உதறி, இழுவை இழந்து நின்றன. எல்லாவற்றிலும் ஆக்ஸிஜன் சென்சார் மேல் சிலிகான் படிந்திருந்தது. நம் ஊரில் அது பெட்ரோலில் வருவதைவிடக் காஸ்கெட் பசையில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். இன்ஜின் வேலைக்கு எல்லாச் சிலிகான் பசையும் ஆகாது. சென்சாருக்குக் கெடுதலில்லை என்று அட்டையில் எழுதியதையே வாங்கச் சொல்லுங்கள்.

கழற்றிய சென்சாரின் முனையைப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் நெடுநாள் ரிச்சாக ஓடியிருக்கிறது. வெள்ளைப் பொடி என்றால் சிலிகான் அல்லது கூலன்ட், ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். பழுப்புச் சாம்பல், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. மூலக்காரணம் இருக்கும்வரை புதியதும் அதே கதிதான். பெட்ரோலில் கழுவியோ, கம்பி பிரஷ் போட்டோ, நெருப்பில் காட்டியோ பழையதை உயிர்ப்பிக்க முயலாதீர்கள், பீங்கான் விரிசல் விடும்.

கழற்றுவதற்கு 22 எம்.எம். அளவில், ஒயர் நுழையப் பிளவு விட்ட சாக்கெட் வேண்டும். கை சுடாத அளவுக்கு இளஞ்சூடாக இருக்கும்போது மரை சுலபமாக இளகும். புதியதின் மரையில், அது பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை பெரும்பாலும் ஏற்கெனவே தடவியிருக்கும். கூடத் தடவ வேண்டாம், முனையைக் கையால் தொட வேண்டாம். உங்கள் மாடலின் பார்ட் நம்பரையே கேளுங்கள். எந்தச் சென்சாரும் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஒயர் வெட்டி இணைத்துத் தருபவர்களிடம் போகாதீர்கள்.

கன்வெர்ட்டர் பற்றிய பி0420 கோடு வந்திருந்தால் அது தனிக்கதை. பின் சென்சாரின் வோல்டேஜ் 0.6, 0.7 அருகே அமைதியாக இருக்க வேண்டும். முன் சென்சாரைப் போலவே அதுவும் ஊசலாடினால் கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்று அது சரியாகவே சொல்கிறது. பின் சென்சாரை மாற்றி இந்தக் கோட்டை விரட்ட முடியாது. ஆனால் கன்வெர்ட்டரை மாற்றும் முன், கசிவும் மிஸ்பயரும் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள், கன்வெர்ட்டரின் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு.

புதிய சென்சார் போட்டதும் கோட்டை அழித்து, லாங் டெர்ம் ட்ரிம்மையும் பழைய நிலைக்குத் திருப்பச் சொல்லுங்கள். பழைய சென்சாரின் பொய்க்குப் பழகிய கணக்கோடு ஓட்டினால் முதல் சில நாள் குழப்பமாக இருக்கும். விளக்கு அணைந்துவிட்டது என்பது போதாது. ஆப்பில் ‘ரெடினஸ் மானிட்டர்’ என்ற பக்கத்தில் ஆக்ஸிஜன் சென்சார், ஹீட்டர், கேட்டலிஸ்ட் மூன்றும் முடிந்தது என்று காட்டும்வரை வண்டி இன்னும் தன்னைச் சோதித்து முடிக்கவில்லை என்று பொருள். குளிர்ந்த ஸ்டார்ட், சீரான வேகத்தில் நெடுஞ்சாலை, இடையிடையே காலெடுத்த ஓட்டம் எல்லாம் சேர்ந்த பயணங்களில்தான் அவை முடியும். அதன்பிறகு புகைப் பரிசோதனை மையத்துக்குப் போங்கள். 2500 சுற்றில் லாம்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவே இருக்கிறதா என்று அங்குள்ள கருவி தனியாகச் சொல்லும். உங்கள் ஸ்கேனரும் அதுவும் ஒத்துப்போனால் ரசீதைப் புதிய சென்சாரின் பில்லோடு சேர்த்து வையுங்கள், வாரண்டிக்கு உதவும்.